உப்பு வண்டியை ஓட்டியது மன உறுதியா? நிலத்தின் கணக்கா?

1/
கொஞ்சம் நீளமான இழை மக்களே. டீ குடிச்சுக்கிட்டே படிங்க.

வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ சுத்துது. 1840களில் அமெரிக்காவின் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி மாட்டு வண்டியில் போன குடும்பங்களைக் காட்டுறாங்க. அடுத்து நம்ம சங்ககால உமணர்களின் உப்பு வண்டி. பின்னணியில் வீர இசை. கடைசி வரி இது: "அன்னிக்கு ஏசி இல்ல, ஓஆர்எஸ் இல்ல. மன உறுதி மட்டும்தான். இன்னிக்கு ரெண்டு டிகிரி ஏறினா அழறோம்."

2/
இதை எனக்கு அனுப்பினவர் மரக்காணம் பக்கம் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துறவர். நல்ல மனுஷன்தான். "டாக்டர், உங்க ஆளுங்களுக்கும் காட்டுங்க"ன்னு ஒரு சிரிப்பு பொம்மையும் சேர்த்து அனுப்பியிருந்தார்.

அதே வாரம் என் ஓபிக்கு ஓர் அம்மா வந்தாங்க. பதினாலு வருஷமா உப்பளத்துல பலகை பிடிச்சு உப்பு வாருறவங்க. தொடை, கெண்டைக்கால் எல்லாம் பிடிச்சு இழுக்குது. சிறுநீர் டீத்தண்ணி நிறத்துல போகுது. கிரியேட்டினின் இருக்க வேண்டிய அளவுக்கு மேல.

3/
"எத்தனை நாளா இப்படிம்மா?"

"ஒவ்வொரு சித்திரைக்கும் இப்படித்தான் சார். பழகிடும்னு சொன்னாங்க. பழகிட்டுதான் இருந்தேன்."

அந்த "பழகிடும்"தான் இந்த இழைக்குக் காரணம். வீடியோவும் அந்தம்மாவுக்குச் சொன்ன அறிவுரையும் ஒரே நம்பிக்கையில் நிக்குது: மனசு வெச்சா உடம்பு எதையும் தாங்கும். வண்டிகளின் உண்மைக் கதை அதுக்கு நேர் எதிரானது. வாங்க, பார்ப்போம்.

4/
முதல்ல நம்ம ஊர்.

கோட்டக்குப்பத்திலிருந்து ஈசிஆர்ல வடக்கே போனா மரக்காணம். அந்தப் பக்கம் கழுவெளி ஏரி, எடையன்திட்டு முகத்துவாரம், அப்புறம் வெள்ளை வெள்ளையா அம்பாரம் போட்ட உப்பளங்கள். சிறுபாணாற்றுப்படையில் வரும் ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. அதே பாட்டில் உமணர்களின் வண்டி வரிசையும் வருது, அவங்க பிள்ளைகளோடு விளையாடும் குரங்கும் வருது. ஆக இந்தக் கரையில் உப்பும் வண்டியும் ஏறக்குறைய ரெண்டாயிரம் வருஷத்து விஷயம்.

5/
கடலோரத்தில் உப்பு விளையுது. உப்பு இல்லாத ஊர் மேற்கே இருக்கு. நடுவுல என்ன இருக்குன்னு பாருங்க.

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் சமவெளி. அதுக்கப்புறம் செஞ்சிப் பக்கம் பாறைக் குன்றுகள். திருவண்ணாமலை தாண்டினா வடக்கே ஜவ்வாது மலை, தெற்கே கல்வராயன் பக்கத்து மலைகள். ரெண்டுக்கும் இடையில் நிலம் விட்டுவெச்ச ஒரே வசதியான வாசல் செங்கம் கணவாய். அந்த வாசலைத் தாண்டினா ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, தருமபுரி. தருமபுரி கடல் மட்டத்திலிருந்து 450 மீட்டருக்கு மேல. அதாவது உப்பு மூட்டையோட கரையிலிருந்து மேடு ஏறிக்கிட்டே போகணும்.

6/
இந்த வாசலை யாராலயும் ஒதுக்க முடியலை. 1767 செப்டம்பரில் ஐதர் அலியின் படையும் ஆங்கிலேயப் படையும் மோதினது இதே செங்கத்தில்தான். இன்னிக்குத் திண்டிவனம்–கிருஷ்ணகிரி தேசிய நெடுஞ்சாலை போறதும் இதே வழியாத்தான். ராஜா மாறினாலும் வண்டி மாறினாலும் மலை நகரலை. வழியை முடிவு பண்ணது மலை.

7/
தகடூர்னு சங்க இலக்கியம் சொல்ற ஊர்தான் இன்றைய தருமபுரி. அதியமானின் ஊர். அவன் மகன் பொகுட்டெழினியை ஔவையார் புறநானூற்றில் எதுக்கு ஒப்பிடுறாங்க தெரியுமா? புலிக்கோ சிங்கத்துக்கோ இல்லை. உமணர்கள் வண்டிக்கு அடியில் கட்டிவெச்சிருந்த சேம அச்சுக்கு! நம்ம மொழியில் ஸ்டெப்னி.

யோசிச்சுப் பாருங்க. ஓர் இளவரசனைப் புகழ இதைவிடப் பெரிய உவமை கிடைக்கலை. ஏன்னா பள்ளமும் மேடும் அச்சை எப்போ முறிக்கும்னு யாருக்கும் தெரியாது, காட்டு நடுவுல முறிஞ்சா என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும். இது வீரத்தின் அடையாளம் இல்லை. நிலம் தன்னை ஜெயிச்சிடும்னு ஒத்துக்கிட்டவன் பண்ற முன்னேற்பாடு.

8/
இப்போ கணக்குக்கு வருவோம். பாரம் ஏத்தின மாட்டு வண்டி மணிக்கு 3 கிலோமீட்டர் போனாலே பெரிசு. ஒரு நாளைக்கு 20–25 கிலோமீட்டர். ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது 30–40 லிட்டர் தண்ணி வேணும், வெயில்ல இழுத்தா இன்னும் கூட. பத்து வண்டி, இருபது மாடுன்னா மாட்டுக்கு மட்டுமே 600–800 லிட்டர். அதைச் சுமந்துட்டுப் போக முடியாது. அதனால 20–25 கிலோமீட்டருக்குள்ள ஏரியோ குளமோ கிணறோ கட்டாயம் இருக்கணும். எங்க தங்கணும்னு தீர்மானிச்சது வண்டிக்காரன் இல்லை, அந்த ஏரிதான்.

9/
பருவமும் ஒரு கணக்கு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். ஐப்பசி மழையில் உப்பு வண்டி எடுத்தா போய்ச் சேரும்போது பாதி மூட்டைதான் மிஞ்சும். களிமண் பாதையில் சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கும். சரி, கோடையில் போனா? மாடு சுருண்டு விழும். அதுக்குத்தான் நம்ம பெரியவங்க ராத்திரி வண்டி ஓட்டினாங்க. நிலா வெளிச்சத்தில் வண்டி, பகல்ல மர நிழல். இது ரசனைக்காகப் பண்ணதுன்னு சினிமாப் பாட்டு பார்த்து நினைச்சிட்டோம். அது வெப்பத்துக்கான மருத்துவம்.

10/
சாலையோரப் புளியமரம், சத்திரம், சாவடி, தண்ணீர்ப் பந்தல், சுமைதாங்கிக் கல் எல்லாமே இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். சுமைதாங்கிக் கல் பார்த்திருக்கீங்களா? தலைச்சுமையை இறக்கி வைக்க இன்னொரு ஆள் துணை தேவைப்படாத உயரத்துல ஒரு கல் மேடை. அதை நட்டவன் "உனக்கு மன உறுதி போதும், நட"ன்னு சொல்லலை. "இந்த இடத்துல நீ களைச்சிருப்பே, இறக்கி வை"ன்னு சொன்னான்.

11/
வடக்கே போக வேண்டிய உப்புக்கு வேற வழி கிடைச்சுது. பக்கிங்காம் கால்வாயின் தென்பகுதி சென்னையிலிருந்து மரக்காணம் வரைக்கும் வந்துச்சு. தட்டையான கரை, அலை இல்லாத தண்ணி, தள்ளுகோல் போட்ட படகு. அதே மூட்டை, அதே ஆளுங்க. வடக்கே போனா படகு, மேற்கே போனா அச்சு முறியுற வண்டி. வடக்கே போனவனுக்கு மன உறுதி குறைவா? நிலம் வேற, அவ்வளவுதான்.

12/
இப்போ வீடியோவில் வர்ற அமெரிக்கக் கதை. மிசௌரி மாநிலத்தின் இண்டிபென்டன்ஸ் ஊரிலிருந்து ஒரிகன் வரைக்கும் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். நாலு முதல் ஆறு மாசம். ஒரு நாளைக்கு 24 கிலோமீட்டர் மாதிரி. நம்ம உமணர் வண்டியின் வேகம்தான்! பலர் குதிரையை விட்டுட்டு எருதையே பூட்டினாங்க. மெதுவாத்தான் போகும். ஆனா வழியில் கிடைக்கிற எந்தப் புல்லையும் மேய்ஞ்சு உயிர் பிழைக்கும்.

13/
புல்லும் தண்ணியும் வேணுங்கிறதால எல்லா வண்டியும் பிளாட் ஆற்றங்கரையைப் பிடிச்சே போச்சு. ராக்கி மலையைத் தாண்ட சவுத் பாஸ்னு ஒரு வாசல். சுமார் 2,250 மீட்டர் உயரம், ஆனா வண்டி ஏறக்கூடிய சரிவு. அவங்க ஊர் செங்கம் கணவாய்னு வெச்சுக்கோங்க. அந்த ஒரு வாசல் இல்லைன்னா மேற்குப் பயணமே வேற மாதிரி ஆகியிருக்கும்.

பயணக் காலமும் இப்படித்தான். வசந்தத்தில் புல் முளைக்கிறதுக்கு முன்னாடி கிளம்பினா மாடு பட்டினி. லேட்டா கிளம்பினா மலையில் பனி மூடிடும். ஜூலை 4-க்குள்ள இண்டிபென்டன்ஸ் பாறையை அடைஞ்சுடணும்னு ஒரு பழக்கமே வெச்சிருந்தாங்க.

14/
இந்தக் கணக்கை மீறினா? 1846இல் டோனர் குழு. மொத்தம் 87 பேர். யாரோ சொன்ன குறுக்கு வழியை நம்பினாங்க. உப்புப் பாலைவனத்தில் மாடுகளை இழந்தாங்க, வாரக்கணக்கில் தாமதம். சியரா நெவாடாவில் பனி வந்து அடைச்சிடுச்சு. ஏறக்குறைய பாதிப் பேர் திரும்பலை. மனித மாமிசம் சாப்பிட வேண்டிய நிலைமை வந்த பயணம் அது. அவங்ககிட்ட மன உறுதி குறைவுன்னு யாராவது சொல்ல முடியுமா? சில வாரத் தாமதம், ஒரு மலை. அவ்வளவுதான்.

15/
மருத்துவரா எனக்கு இதைவிட முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. மேற்குப் பயணத்தில் செத்தவங்கள்ல பெரும்பகுதி சண்டையில் சாகலை. நோயிலும் விபத்திலும் செத்தாங்க. அதிலும் முதலிடம் காலரா. 1849இல் தங்க வேட்டைக் கூட்டம் சேர்ந்ததும் பிளாட் ஆற்றங்கரை முழுக்கக் காலரா பரவிச்சு. காரணம் எளிமையானது. எல்லாரும் ஒரே ஆற்றங்கரையில் தங்குறாங்க, அங்கேயே மலம் கழிக்கிறாங்க, அங்கேயே ஆழமில்லாத குழி தோண்டித் தண்ணி எடுக்கிறாங்க. உயிர் காத்த ஆறுதான் உயிரையும் எடுத்துச்சு.

16/
அப்புறம் நெவாடாவில் நாற்பது மைல் பாலைவனம்னு ஒரு இடம். 64 கிலோமீட்டருக்குக் குடிக்கிற தண்ணி கிடையாது. நடுவுல கிடைச்சது காரத்தண்ணி, குடிச்ச மாடுகள் செத்தது. அதை எப்படிக் கடந்தாங்க தெரியுமா? பலர் ராத்திரியில் கடந்தாங்க! நம்ம வண்டிக்காரரும் அவங்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்லை. வெயில் ரெண்டு பேருக்கும் ஒரே பாடத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கு.

17/
பயணம் முடிஞ்ச பிறகும் நிலம் விடலை. இதை உப்பு விக்கிறவங்களும் வாங்குறவங்களும் தெரிஞ்சுக்கணும்.

மேற்கே போய்க் குடியேறினவங்களில் பலர் அயோடின் குறைஞ்ச மண்ணில் குடியேறினாங்க. பெரிய ஏரிகள் பகுதியிலும் மலைப் பகுதிகளிலும் பனிப்பாறையும் மழையும் மண்ணிலிருந்த அயோடினைக் கழுவி எடுத்துட்டுப் போயிருந்தது. அங்கே கழுத்துக் கழலை சர்வ சாதாரணம். 1917இல் டேவிட் மரைன் ஒஹாயோவின் ஆக்ரன் நகரப் பள்ளி மாணவிகளுக்கு அயோடின் கொடுத்துப் பார்த்தார். 1924இல் மிச்சிகனில் அயோடின் உப்பு கடைக்கு வந்துச்சு.

நம்ம நாட்டில் இமயமலை அடிவாரம் இதே கதை. 1956இல் காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசாமி குழு உப்பில் அயோடின் சேர்த்து ஆய்வைத் தொடங்கினாங்க. 1962இல் தேசிய கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது அதனாலதான்.

18/
"சார், நாங்க கடலோரம். எங்க உப்பு கடல் உப்பு. அயோடின் இருக்காதா?"

ஓபியில் வாராவாரம் கேக்குற கேள்வி. இருக்காது. கடல் தண்ணியில் அயோடின் ரொம்பக் குறைவு, பாத்தியில் காயும்போது உப்போட தங்குறது அதிலும் சொற்பம். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் வேணும். சும்மா காய்ச்சின கல்லுப்பு அதுக்குப் பக்கத்துலகூட வராது. மீன் சாப்பிடுற வீட்டுக்குக் கொஞ்சம் கிடைக்கும். மீன் வாங்க முடியாத வீட்டுக்கு?

உப்பளத்துல வேலை பாத்துட்டு அங்கேயே ஒரு படி உப்பை முடிஞ்சுக்கிட்டு வீட்டுக்குப் போறவங்கதான் இதுல மாட்டுறாங்க. நாட்டுக்கே உப்பு விளைவிக்கிற வீட்டுல, கர்ப்பிணிப் பொண்ணோட குழம்புல அயோடின் இல்லை. "அயோடின் உப்பு சதி, கல்லுப்பே இயற்கை"ன்னு பார்வர்ட் பண்றவங்க இதை ஒரு நிமிஷம் யோசிங்க. கல்லுப்பு வேணும்னா அயோடின் சேர்த்த கல்லுப்பே பாக்கெட்டில் கிடைக்குது. அதை வாங்குங்க.

19/
இப்போ மறுபடி அந்தம்மாகிட்ட வருவோம்.

உப்பளம் எப்படிப்பட்ட நிலம்? மேலே வெயில். கீழே வெள்ளை உப்பு, அதே வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்குது. கடல் காத்தில் ஈரப்பதம் அதிகம். வேர்வை வழியும், ஆனா ஆவியாகாது. ஆவியாகாத வேர்வை உடம்பைக் குளிர்விக்காது. சுத்துவட்டாரத்தில் மரம் கிடையாது, உப்பு மண்ணில் எளிதில் வளரவும் வளராது. கண்ணுக்கு எட்டின தூரம் தண்ணி, குடிக்க ஒரு சொட்டு இல்லை. உமணர் வண்டியோ அமெரிக்க வண்டியோ இப்படி ஓர் இடத்தை முடிஞ்சா ராத்திரியோட ராத்திரியா கடந்து போயிருக்கும். இவங்க அங்கேயே நின்னு வேலை பாக்கணும். தை மாசத்துலேர்ந்து மழைக்காலம் தொடங்குற வரைக்கும்.

20/
"பழகிடும்" என்பதில் பாதி உண்மை இருக்கு. வெப்பத்துக்கு உடம்பு பழகும், ஒன்று முதல் இரண்டு வாரத்தில். ஆனா பழகினா என்ன நடக்குதுன்னு தெரியுமா? வேர்வை சீக்கிரமா வர ஆரம்பிக்கும், அதிகமா வரும். அதாவது பழகின உடம்புக்குத் தண்ணி *கூடுதலா* வேணும். குறைவா இல்லை!

கடும் வெயிலில் உழைக்கிறவங்களுக்கு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வேர்வை போகலாம். அதனாலதான் தாகம் எடுக்கிறதுக்கு முன்னாடியே 15–20 நிமிஷத்துக்கு ஒரு முறை கால் லிட்டர் குடிக்கச் சொல்றோம்.

21/
அந்தம்மா எவ்வளவு குடிச்சாங்க? காலையில ஒரு சொம்பு, மத்தியானம் ஒரு சொம்பு. ஏன்? "ஒதுங்க இடம் இல்ல சார். ஆம்பளைங்க எல்லாம் சுத்தி நிக்குறாங்க."

கழிப்பறை இல்லாததால தண்ணி குடிக்கலை. தண்ணி குடிக்காததால தசை பிடிப்பு. பிடிப்புக்குக் கடையில் டைக்ளோஃபினாக் மாத்திரை. வறண்டு கிடக்கிற சிறுநீரகத்தின் மேல அந்த மாத்திரை வேற. வருஷா வருஷம் சித்திரை, வைகாசி. இதுல மன உறுதி எங்க குறைஞ்சுது, நீங்களே சொல்லுங்க. பதினாலு வருஷம் அடக்கிட்டு நின்னதே மன உறுதியாலதான். அந்த மன உறுதிதான் சிறுநீரகத்தைத் தின்னுச்சு.

22/
குத்தகைக்காரர் நண்பருக்கு நான் எழுதின பதிலைச் சுருக்கமா இங்கேயும் வைக்கிறேன். அவர் கஷ்டமும் எனக்குத் தெரியும். உப்பு விலை கையில் நிக்காது, ஒரு கோடை மழை மாசக் கணக்கு உழைப்பைக் கரைச்சிடும். அதனால பெரிசா எதுவும் கேக்கலை.

அ) பாத்திகளுக்கு நடுவே, அஞ்சு நிமிஷ நடையில் ஓலைப் பந்தல். கூடவே மூடி போட்ட குடிதண்ணி டிரம்.
ஆ) பெண்களுக்கு ஒரு மறைவான கழிப்பறை. இதைத்தான் முதல்ல செய்யணும். இது இல்லாம டிரம் வெச்சாலும் பிரயோஜனமில்லை.
இ) லாரி லோடு ஏத்துறதை 11 மணிக்கு முன்னாடி முடிங்க, இல்லைன்னா 4 மணிக்கு மேல வைங்க.
ஈ) புதுசா வர்ற ஆளுக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை. தினமும் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க.

23/
அரசாங்கத்திடமும் ஒரு வார்த்தை. தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவிச்சுது. வெப்பத்தால் இறந்தா குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். மழைக்காலத்தில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் உதவியும் இருக்கு. ரெண்டும் நல்ல விஷயம், வரவேற்கிறேன்.

ஆனா அந்தம்மா மாதிரி ஆளுங்க ஒரே நாளில் வெயிலில் விழுந்து சாக மாட்டாங்க. பத்து வருஷத்தில் டயாலிசிஸ் படுக்கைக்கு வருவாங்க. அந்தக் கணக்கு எந்த வெப்ப அலைப் பட்டியலிலும் ஏறாது. மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகரும் பிரஷரும் பாக்குறோம். உப்பளக் கிராமங்களில் வருஷம் ஒரு முறை கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் சேர்த்துப் பார்க்கணும். கோடை முடியுற கையோட பார்த்தா இன்னும் நல்லது.

24/
நீங்க உப்பளத்திலோ கட்டட வேலையிலோ வயலிலோ வெயிலில் நிக்குறவரா இருந்தா:
• சிறுநீர் நிறம் அடர்த்தியானா உடம்பு வறளுதுன்னு அர்த்தம்.
• வெயிலில் வேலை செஞ்சு பிடிப்பு வந்தா நிழல், தண்ணி, ஓஆர்எஸ். ஒரு பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணியில். வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காதீங்க.
• ஏற்கெனவே பிரஷர், இதயம், சிறுநீரகப் பிரச்சினை இருந்தா எவ்வளவு தண்ணி, ஓஆர்எஸ் குடிக்கலாமான்னு டாக்டரைக் கேளுங்க.
• பேச்சு குழறினா, தடுமாறினா, உடம்பு கொதிச்சு நினைவு தப்பினா உடனே 108. வண்டி வர்ற வரைக்கும் நிழலில் போட்டு உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி விசிறுங்க. நினைவில்லாதவங்க வாயில் தண்ணி ஊத்தாதீங்க.

25/
உமணர்களையும் அந்த அமெரிக்கக் குடும்பங்களையும் நான் மதிக்கிறேன். ஆனா ஊர் போய்ச் சேர்ந்தவங்க சேம அச்சு கட்டிப் போனாங்க, ஏரி பார்த்துத் தங்கினாங்க, ராத்திரியில் நடந்தாங்க, பருவம் பார்த்துக் கிளம்பினாங்க. அவங்க பேரைச் சொல்லி "அன்னிக்கு நிழல் கேட்டாங்களா?"ன்னு கேக்குறது அவங்களுக்கே அவமரியாதை. கேட்டாங்க. அதனாலதான் சாலையெல்லாம் புளியமரம் நிக்குது.

26/
நண்பர் பதில் அனுப்பியிருக்கார். "பந்தல் போடுறேன் டாக்டர். கழிப்பறைக்கு இடம் பாக்கணும்." 

இடம் பாருங்க அண்ணே. சித்திரைக்கு முன்னாடி பாருங்க. அந்தம்மா அடுத்த மாசம் ரிவியூவுக்கு வருவாங்க, நான் கேப்பேன்.

இழை முடிந்தது. உங்க ஊர் உப்பளத்துக்கோ செங்கல் சூளைக்கோ யாரையாவது தெரியும்னா அந்த வீடியோவுக்குப் பதிலா இதை அனுப்புங்க.